சொல்லாமல் போய் வந்த இடது கண்

என் இடது கண் முதல் தடவை காணாமல் போனபோது நான் தங்கமணி அக்காவுக்கு மூன்றாவது கியர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்படி ஒரு கண் மட்டும் போய், ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்திருந்தால், “வெயிலா இருக்கும்” என்று விட்டுவிடாதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம். எனக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. அப்போது வரவில்லை.

கோவை கணபதியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அங்கே பெண் பயிற்சியாளர் நான் ஒருத்திதான். தங்கமணி அக்கா மசாலாப் பொடி அரைக்கும் மில் வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். மிளகாய் மெஷினையும் அதை ஓட்டும் ஆட்களையும் ஒற்றைக் குரலில் அடக்குவார். காரில் மட்டும் இரண்டாவது கியருக்கு மேல் வரமாட்டார். “அது எதுக்குங்க டீச்சர், இதே நல்லாத்தான போகுது” என்பார். என்னைவிடப் பெரியவர், என்றாலும் நான் அவருக்கு டீச்சர்.

அன்று காலை ரோட்டில் ஒரு அழுக்குத் திட்டு தெரிந்தது. முன்கண்ணாடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து வைப்பரைப் போடச் சொன்னேன். அக்கா இண்டிகேட்டரைப் போட்டார். திட்டு அப்படியே இருந்தது. அதன் ஓரம் தகரக் கூரையில் வெயில் பட்டதுபோல் மினுங்கியது. பக்கத்தில் இன்னொரு திட்டு முளைத்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். ரோடு இல்லை, ஸ்டியரிங் இல்லை, தங்கமணி அக்கா இல்லை. சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. இடது கண்ணை மூடி வலதைத் திறந்தேன். ரோடும் அக்காவும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

பயிற்சிக் காரில் எங்கள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மிதித்தேன்.

“ஏனுங்க டீச்சர், நான் எதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனா?”

“இல்லீங்கக்கா. எனக்கு ஒரு கண்ணு தெரியலைங்க.”

“எந்தக் கண்ணு?”

“இடது கண்ணுங்க.”

அவர் என் முகத்தருகே வந்து உற்றுப் பார்த்தார். “கண்ணு அங்கயேதான இருக்குது!”

அழுகை வந்துவிட்டது. அதைக் கண்டதும் அக்கா முந்தானையை இடுப்பில் செருகினார். மில்லில் மெஷின் பெல்ட் அறுந்தால் அப்படித்தான் செருகுவாராம். “அழுவாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானே ஓட்டறேன்” என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ஒரு கண் போன டீச்சரும் மூன்றாவது கியர் போடாத மாணவியும் சத்தி ரோட்டில் காந்திபுரம் பக்கம் போகக் கூடாது, ஆட்டோ பிடித்திருக்க வேண்டும் என்று பிறகு டாக்டர் திட்டினார். நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்தில் ஆட்டோ என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு நினைவு வரவில்லை. என் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. இருக்கிற ஒரு கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டாவது கியரில் போனோம். எங்களுக்குப் பின்னால் கணபதியே ஹாரன் அடித்தது. ஒரு டவுன் பஸ் டிரைவர் திட்டுவதற்கென்றே பக்கத்தில் வந்து சேர்ந்தார். அக்கா கண்ணாடியை இறக்கி, “டீச்சருக்குக் கண்ணு தெரியலைங்க!” என்று கத்தினார்.

“டீச்சருக்கா? அப்ப ஓட்டறது யாரு?”

“நான் ஸ்டூடண்டுங்க!”

பஸ் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அப்புறம் எங்களுக்குப் பின்னால் யாரும் நெருங்கி வரவில்லை. மேம்பாலம் வந்ததும், “மேல மட்டும் ஏற மாட்டேனுங்க, எறங்கத் தெரியாது” என்று அக்கா கீழேயே போனார்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, ஒரு துணிக்கடை போர்டில் பட்டுப்புடவை கட்டிய பெண்ணின் காதுத்தோடு என் இடது கண்ணில் தெரிந்தது. பிறகு கன்னம், பிறகு சிரிப்பு. போன மாதிரியே துண்டு துண்டாகக் கண் திரும்பி வந்தது. கூடவே இடது கண்ணுக்குப் பின்னால் சுத்தியல் வைத்து அடிப்பதுபோல் ஒரு தலைவலி.

“அக்கா, கண்ணு வந்துருச்சுங்க.”

“வந்துருச்சா? அப்ப திரும்பிப் போலாமுங்களா? மில்லுல ஆள் காத்திருக்காங்க.”

எனக்கும் அந்த ஆசை வந்தது. டாக்டரிடம் போய் “கண் தெரியவில்லை, இப்போது தெரிகிறது” என்று எப்படிச் சொல்வது? ஆனால் திரும்புவதென்றால் அக்கா யூ டர்ன் எடுக்க வேண்டும். அதை நான் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த ஒரே காரணத்தால் நேராகப் போனோம். அந்த வருடத்தில் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான்.

கண் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளம் பெண். முதல் கேள்வியே, “ஒரு கண்ணுல தெரியலையா, இல்ல ரெண்டு கண்ணுலயும் ஒரு பக்கம் தெரியலையா?” என்பதுதான்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு வலிக்கு முன்னால் பார்வையில் மினுமினுப்பு வரும். அது மூளையில் நடப்பது. அதனால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதிதான் மறையும், ஆனால் ஆட்கள் ஒரு கண்ணே போய்விட்டதாக நினைத்துக்கொள்வார்கள். ஒரு கண் மட்டும் போவது அதைவிட அபூர்வம். அது கண்ணுக்குள்ளோ கண்ணுக்கு ரத்தம் போகிற வழியிலோ நடப்பது. எது என்று தெரிய, அந்த நேரத்தில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும்.

“நீங்க மூடிப் பார்த்தீங்களா?”

“பார்த்தேனுங்க. இடது கண்ணு மட்டும்தான் போச்சுங்க.”

“வெரி குட்” என்றார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கண்மணியை விரிக்க மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். சும்மா இருக்க மனமில்லாமல் தங்கமணி அக்கா, “எனக்கும் ஒருக்கா பாத்துருங்க” என்று பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தார். எழுத்துப் பலகையில் மேலே இருக்கும் ஒரே ஒரு பெரிய எழுத்தைத்தான் அவரால் படிக்க முடிந்தது. அதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறது என்றார். அவை நான்கு வரி எழுத்துகள்.

“நீங்கதான் வண்டி ஓட்டிட்டு வந்தீங்களா?” என்று அவரைச் சோதித்த பெண் கேட்டது எனக்கு வெளியே கேட்டது. “பஸ்ஸு லாரியெல்லாம் எப்படிங்க பாத்தீங்க?”

“பஸ்ஸு பெருசுங்களே” என்றார் அக்கா.

மூன்றாவது கியருக்கு அவர் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எதிரே என்ன இருக்கிறதென்று தெரியாதவர் வேகமாகப் போகப் பயப்படுவது புத்திசாலித்தனம். லைசென்சுக்காக அவருக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் எதைச் சோதித்தார் என்பதுதான் புரியவில்லை.

விழித்திரை எல்லாம் பார்த்து முடித்து டாக்டர், “கண்ணுல ஒண்ணுமே இல்லைங்க” என்றார். நான் கும்பிட்டேன். “அதனாலதான் நீங்க உடனே பெரிய ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகணும்” என்றார். கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கண் நன்றாக இருந்தும் பார்வை போய் வந்தால், கண்ணுக்குப் போகிற ரத்தம் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது என்று அர்த்தமாம். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து, அதிலிருந்து ஒரு துணுக்கு கிளம்பி வந்திருக்கலாம். இதயத்திலிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் அடுத்த துணுக்கு கண்ணுக்குப் போகாமல் மூளைக்குப் போகலாம். அதுதான் பக்கவாதம். இவை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மைக்ரேன் என்று சொல்ல முடியும். “நல்ல பதிலைக் கடைசியாத்தான் சொல்ல முடியும்” என்றார் அந்தப் பெண்.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எரிந்துபோன பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது வேலை. கையில் வார்னிஷ் வாசத்தோடு ஓடிவந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப மோட்டாரு நல்லா இருக்குது, சப்ளை லைன்லதான் கோளாறுங்களா?” என்றார்.

“கிட்டத்தட்ட” என்றார் டாக்டர்.

அந்த ஒரு சொல் போதும், வீட்டுக்காரர் அரை டாக்டர் ஆகிவிட்டார். வார்டில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் வோல்டேஜ் டிராப், லூஸ் கனெக்‌ஷன் என்று விளக்கினார். வந்தவர்களும் சும்மா இல்லை. செல்போன்தான் காரணம் என்றார் ஒருவர். கர்ப்பப்பைதான் என்றார் இன்னொருவர். தலைக்கு எண்ணெய் வைக்காததால் என்று ஒருவரும், வைத்த எண்ணெய் கலப்படம் என்று ஒருவரும் என் கட்டிலின் இரு பக்கம் நின்று வாதாடினார்கள்.

மறுநாள் காலை வெள்ளகோவிலிலிருந்து நங்கை வந்து சேர்ந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவர் ஒரு அறைக்குள் வந்தால் அந்த அறையில் இருக்கிற எல்லாருடைய கேள்விக்கும் அவரே பதில் சொல்வார். பின்னாலேயே அவர் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, இரண்டு பைகளோடு வந்தார். தேங்காய் காயப்போடும் களம் வைத்திருக்கிறார். பேச்சு குறைவு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பேச இடம் கிடைத்திருக்காது என்று நாங்கள் கேலி செய்வோம். பைகளை வைத்துவிட்டு, “எப்படி இருக்கறீங்க அம்மணி?” என்றார்.

“எப்படி இருப்பா? கண்ணு போனவ எப்படி இருப்பா?” என்றார் நங்கை. அண்ணன் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

நங்கை தூக்குவாளியைத் திறந்தார். அரிசியும் பருப்பும் சாதம், நெய் மிதந்தது. “இதெல்லாம் கண்ணேறு, கண்ணு. பொட்டப்புள்ள ரோட்டுல காரு ஓட்டிட்டுப் போனா ஊர்ல நாலு பேரு பாக்கத்தான செய்வாங்க” என்றபடி எனக்கு ஊட்டியே விட்டார். கை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “கண்ணு தெரியாத நேரத்துல எலுமிச்சங்கா ஊறுகாயைத் தேடிட்டு இருப்பியா?” என்று வாயை அடைத்தார். அவர் சொல்லும் காரணம் எதுவாக இருந்தாலும், அந்த ஆஸ்பத்திரி நாட்களில் எனக்குத் தைரியம் வந்த இடம் அந்தத் தூக்குவாளிதான்.

கழுத்து ஸ்கேனுக்குக் காத்திருந்த ஹாலில் எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. இரண்டு கண்ணும் இருக்கிறதா என்று மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொள்வது. எதிர் வரிசையில் இருந்த ஒருவர் முதலில் திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு அவர் மனைவி எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு நான் கையால் மூடிப் பார்ப்பதென்று மாறிக்கொண்டேன்.

டாப்ளர் என்கிற அந்தக் கழுத்து ஸ்கேன் ஒன்றுமில்லை. கழுத்தில் வழவழவென்று ஒரு பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து உருட்டுகிறார்கள். ரத்தம் ஓடுவது சத்தமாகவே கேட்கிறது. வலிக்காது. இதயத்துக்கும் அதே மாதிரி ஒன்று. ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் நன்றாக வர வர நங்கைக்குக் கோபம் வந்தது. “இத்தனை மெசினு வெச்சிருக்கறீங்க, ஒண்ணுலகூடத் தெரியலீங்களா?” என்று டெக்னீசியனைக் கேட்டார்.

எம்.ஆர்.ஐ.க்குத்தான் பயந்தேன். உள்ளே உலோகம் எதுவும் போகக் கூடாது என்று தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள். “வெறுங்கழுத்தோட உள்ள அனுப்பறதாவது!” என்று நங்கை பையிலிருந்து மஞ்சள் கயிற்றையும் அதில் கோத்த மஞ்சள் கிழங்கையும் எடுத்தார். அந்தப் பையில் இல்லாத பொருளை நான் இதுவரை கண்டதில்லை. வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும் என்றார். காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். வீல் சேரில் இருந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் கயிற்றைக் கழுத்தருகே கொண்டுவந்தபோது, யாரோ ஒரு அம்மா தன் தலையிலிருந்த மல்லிகையைக் கிள்ளி எங்கள் மேல் போட்டார். உடனே இன்னும் இரண்டு பேர் போட்டார்கள்.

“சீக்கிரமுங்க, அடுத்த ஆளு வெயிட்டிங்” என்றார் டெக்னீசியன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்காரர் முடிச்சை இரண்டு தடவை தப்பாகப் போட்டு அவிழ்த்தது என் பிடரியில் தெரிந்தது. எங்கள் கல்யாணத்தில் அவர் அப்படித் தடுமாறவில்லை. தலைமயிர் போன்ற கம்பியை நாள் முழுக்கச் சுற்றுகிற கை அது. “ஒண்ணும் ஆவாது புள்ள” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தபோதுதான் முழுசாகப் பயந்தேன். இந்தக் கண் ஒருநாள் போய் வராமலே இருந்துவிட்டால்? இன்னொன்றும் போனால்? எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ரோட்டைப் பார்ப்பது. அப்போது மெஷின் சத்தம் போட ஆரம்பித்தது. கிளட்சை மிதிக்காமல் கியர் போடுகிற அதே சத்தம். “கிளட்ச், கிளட்ச்!” என்று சொல்லிவிட்டேன். “பேசாதீங்க மேடம், படம் ஆடுது” என்று காதுக்குள் குரல் வந்தது.

அதுவும் நன்றாகவே வந்தது. நரம்பு டாக்டர் தன்னிடம் படிக்கிற பிள்ளைகள் புடைசூழ வந்தார். “மைக்ரேனாத்தான் இருக்கும்னு தோணுது. ஆனா வர்ற நேரத்துல பாத்தாத்தான் உறுதியாச் சொல்லலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். சுவரில் அந்த அழுக்குத் திட்டு முளைத்தது.

“நங்கைங்க, வருதுங்க!”

“யாரு?”

“கண்ணுங்க! கண்ணு போகுதுங்க!”

“வருதா போகுதா, ஒண்ணாச் சொல்லு கண்ணு!”

சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. நங்கை ஓடி நான் பார்த்ததில்லை. செருப்பைக்கூடப் போடாமல், “ஏனுங்க டாக்டர்! நில்லுங்க! வந்துருச்சுங்க!” என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி ஓடினார். லிஃப்ட் கதவு மூடப்போகிற நேரத்தில் தன் பையைக் குறுக்கே போட்டு நிறுத்தினாராம். கதவு பையைக் கடித்துப் பின்வாங்கியது என்று வீட்டுக்காரர் இன்றும் சொல்லிக்காட்டுவார்.

டாக்டர் கூட்டத்தோடு திரும்பி வந்தார். என் வலது கண்ணை மூடினார். “எத்தனை விரல்?”

சாம்பல் நிறம்தான் இருந்தது. “தெரியலீங்க.”

“மூணு” என்று பின்னாலிருந்து நங்கையின் மெல்லிய குரல் வந்தது.

“அம்மா, பரீட்சை உங்களுக்கு இல்லீங்க” என்றார் டாக்டர்.

“பாவம் புள்ள, ஃபெயிலாயிரும்னு சொன்னேனுங்க.”

அந்த ஆஸ்பத்திரியின் கண் டாக்டரை மாடியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவர் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு வந்து, மருந்து விட்டு, என் கண்ணுக்குள் பார்த்தார். அவ்வளவு வெளிச்சம் அடித்தும் எனக்கு இருட்டாகவே இருந்தது. “குழாய் சுருங்கித்தான் இருக்குது சார். இங்க பாருங்க, நூலாட்டம் இருக்குது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “திறக்குது, திறக்குது” என்றார். அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் இருட்டின் ஓரத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு தோன்றியது. அது பெரிதாகி விளக்கானது. விளக்குக்குக் கீழே ஒரு முகம் வந்தது. படிக்கிற பிள்ளைகளில் யாரோ கை தட்டிவிட்டார்கள். நோய் வந்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அதன் பெயர் ரெட்டினல் மைக்ரேன். விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகிற மெல்லிய குழாய்கள் சிலருக்குக் கொஞ்ச நேரம் இறுகிக்கொள்கின்றன. அதுவரை அந்தக் கண்ணுக்குப் பார்வை இருக்காது. இறுக்கம் விட்டதும் வந்துவிடும். தலைவலி கூடவோ பின்னாலோ வரும். எனக்கு அது வெறும் வயிற்றிலும், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் உட்கார்ந்தாலும் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். டிரைவிங் ஸ்கூல் என்பதே அதுதான்.

“கண்டென்சர் மாதிரி எதாச்சும் மாத்தணுமுங்களா?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லைங்க. நேரத்துக்குச் சாப்பிடணும், தூங்கணும், மாத்திரை போடணும்” என்றார் டாக்டர். சாதாரண மைக்ரேனுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் ரத்தக்குழாயைச் சுருக்கும், அவை எனக்கு ஆகாது, கடையில் நானாக எதையும் வாங்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அடிக்கடி வந்தால் நாளாவட்டத்தில் கண்ணுக்குச் சேதம் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. “ஒவ்வொரு தடவையும் ரெண்டு கண்ணையும் மாத்தி மாத்தி மூடிப் பாருங்க. புதுசா எதாவது இருந்தா, கை கால் மரத்தா, பேச்சுக் குழறுனா, அன்னைக்கே வாங்க.” கடைசியாக, கொஞ்ச காலம் கார் ஓட்டவும் கற்றுக்கொடுக்கவும் கூடாது என்றார்.

டிரைவிங் ஸ்கூலில் என்னை வகுப்பில் உட்கார்ந்து ரோடு விதிகள் எடுக்கச் சொன்னார்கள். தங்கமணி அக்கா என் கதையை மசாலாவோடு சேர்த்து ஊர் முழுக்கப் பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தார். பெண்கள் வர மாட்டார்கள் என்று பயந்தேன். கதை கேட்கவே கூடுதலாக நாலு பேர் சேர்ந்தார்கள். அக்கா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு டெஸ்டுக்குப் போனார். மூன்றாவது கியரில் போனவர், இன்ஸ்பெக்டர் போதும் என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. பாஸ்.

மாத்திரை ஒத்துக்கொண்டது. வெகுநாள் எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு வெள்ளகோவிலில் நங்கையின் மகளுக்கு நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உப்புச் சர்க்கரை மாற்றினார்கள். எங்கள் பக்கம் நிச்சயதார்த்தம் அதுதான். பந்தலில் வேலை, வெயில், காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. தட்டு மாற்றி முடித்துப் பந்தி நடக்கும்போது திட்டு வந்தது. “கண்ணு போகுதுங்க, கொஞ்ச நேரத்துல வந்துரும்” என்று பக்கத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான், ஒறம்பரை என்று வந்திருந்த சொந்தக்காரர் கூட்டம் முழுக்க என்னைச் சுற்றிவிட்டது. ஒருவர் சோடா என்றார், ஒருவர் சாமி இறங்கியிருக்கிறது என்றார்.

“எல்லாரும் வெலகுங்க!” என்று நங்கை வந்தார். கண்ணேறு என்று சொன்ன அதே நங்கைதான். “இது ரெட்டினா மைக்ரேனு. கொழா இறுகிக்கும், பொறகு விட்டுரும். புள்ளைக்கு டாப்ளரெல்லாம் பாத்தாச்சு. ஆனா உங்களுக்கு வந்தா மைக்ரேனுன்னு இருந்துராதீங்க. கழுத்துக் கொழாயில அடைப்பாக்கூட இருக்கும். அன்னைக்கே பாக்கணும், ஆமா!” என்று ஆரம்பித்தார். சாமி என்று சொன்னவரைத் தனியாக உட்காரவைத்து முதலிலிருந்து விளக்கினார்.

என்னை உள்ளறையில் படுக்கவைத்தார்கள். கண் திரும்பி வந்து தலைவலி மட்டும் மிச்சமிருந்த நேரத்தில் அண்ணன் மோர் கொண்டுவந்தார். வழக்கமாக வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏனுங்க அம்மணி, உங்களுக்கு மேல இருந்து ஷட்டர் எறக்குனாப்புல வருமா?”

“இல்லீங்கண்ணா. திட்டுத் திட்டாத்தான் வரும்.”

“ஓரத்துல மினுக்குமா?”

“மினுக்குமுங்க.”

“அப்ப மினுக்காம, வலியும் இல்லாம, மேல இருந்து கறுப்பா எறங்கி, ரெண்டு வெத்தலை போடற நேரத்துல ஏறிக்கிச்சுன்னா?”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். விசாரிக்கிறவர் யாரும் அவ்வளவு துல்லியமாகக் கேட்பதில்லை.

“யாருக்குங்கண்ணா?”

“தெரிஞ்ச ஒருத்தருக்கு.” அவர் கை தானாகப் போய் வலது கண்ணைத் தேய்த்தது.

சர்க்கரை உள்ளவர். களத்துக்குப் பின்னால் ஒளிந்து சிகரெட் பிடிப்பவர். “எத்தனை தடவை வந்துச்சுங்க?”

“நாலஞ்சு இருக்கும். நேத்துக்கூட. நிச்சயம் முடியட்டும்னு இருந்தேன். உங்க நங்கைகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

நேராக நங்கையிடம்தான் போனேன். பந்தலில் இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, “அண்ணனுக்கு வலது கண்ணு போய்ப் போய் வருதாமுங்க. வலி இல்லாம” என்றேன். நங்கை என்னைப் பார்த்தார். கையிலிருந்த வெற்றிலைத் தட்டை யாரிடமோ கொடுத்தார். சம்பந்தி வீட்டார் பாயசத்துக்கு வருமுன்னே எங்கள் கார் காங்கயம் ரோட்டில் இருந்தது. வீட்டுக்காரர் ஓட்டினார். “ஒறம்பரையெல்லாம் இருக்குதே” என்று அண்ணன் முனகினார். “சோறு இருக்குது, திங்கட்டும்” என்றார் நங்கை.

அதே டாப்ளர், அதே வழவழப்பு. அண்ணனின் கழுத்தில் வலது பக்கக் குழாய் முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. எனக்கு இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தார்களே, அது அவருக்கு இருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஒரு பக்கம் கை கால் போயிருக்கும் என்றார் டாக்டர். உடனே அறுத்துச் சுத்தம் செய்ய நாள் குறித்தார்கள். நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு தழும்போடு இப்போது களத்துக்குப் போய்வருகிறார். சிகரெட்டை விட்டுவிட்டார் என்று நம்புகிறோம். நானும் இப்போது மறுபடி காரில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறேன், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு.

ஆனால் எனக்கு மறக்காதது ஆபரேஷனுக்கு முந்தைய சாயங்காலம். நங்கை என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, “எங்கிட்டச் சொல்றதுக்கு அவருக்கு என்ன எடைஞ்சல் கண்ணு?” என்றார். நீங்கள் பேச இடம் விட்டால்தானே என்று நான் எப்படிச் சொல்வேன்? அவருக்கே புரிந்திருக்க வேண்டும், உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸ் வந்து ஏதோ கேட்டபோதுகூடப் பேசவில்லை.

அண்ணன் ஃபேனைப் பார்த்தார். நங்கையைப் பார்த்தார். மெதுவாக என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“அம்மணி, டாக்டரு என்னவோ பெருசாச் சொல்லிப்போட்டாரு. எங்கிட்ட மறைக்காதீங்க.”

“ஒண்ணும் மறைக்கலீங்கண்ணா. சரியாயிரும்னுதான் சொன்னாரு.”

“அப்பறம் இவ ஏன் பேச மாட்டேங்கறா?”

“நீங்க பேசுவீங்கன்னு உக்காந்திருக்கறேன்” என்றார் நங்கை. “பேசுங்க.”

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் போர்வை நுனியைச் சுருட்டினார். பிறகு, “மொதல் தடவை களத்துல தேங்கா காயப்போட்டுட்டு இருந்தேன்...” என்று தொடங்கினார். பயந்தது, யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டியது, மகள் நிச்சயம்வரை கண் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒரு தடவை நங்கை வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.